குந்தியிருந்து எடுத்த அளவு

வட நோர்வேயில், ஒரு மீன் தொழிற்சாலையை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊரில், ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்தெட்டு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிட்டு வாருங்கள், கதை பொறுக்கும்.

குருவின் பெயர் ஆரபி. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கப் பழக்குகிறவள். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், அவள் பிறந்தது இங்கே. சிஷ்யை தவமலர். இருபத்தொன்பது வருடம் அந்தத் தொழிற்சாலையில் கொட் மீன் வெட்டினவள். வெட்டி வெட்டி வலது தோள் அங்கேயே போய்விட்டது. கை காதுக்கு மேலே எழும்பாது.

"ஏன் அன்ரி உங்களுக்கு இந்த ஆசை?" என்று முதல் நாள் ஆரபி கேட்டாள்.

"எத்தினை லட்சம் மீன் வெட்டியிருப்பன் பிள்ளை. ஒண்டைக்கூட உயிரோட கண்டதில்லை. நீந்திறதைப் பாக்கவேணும்."

"பாத்து?"

"பாத்தென்ன? பாக்கவேணும். அவ்வளவுதான்."

வீட்டில் கணவர் குளிருக்குள் போய்ச் சாகப் போகிறாய் என்று கத்தினார். செத்தால் தூக்க நீங்கள் வரவேண்டாம் என்று தவமலர் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கோடை முழுக்க, ஆரபி பழக்குகிற கிளப்பின் இரவல் உடுப்போடு பழகினாள். ஆனால் கொட் மீன் கூட்டமாக அந்தக் கடலுக்குள் வருவது மாசியில். அப்போது கிளப் ஒரேயொரு வாரம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும். பனிக்காலத்தில் இரவல் உடுப்போடு இறங்கக் கிளப் விடாது. அவரவருக்குச் சொந்தமாக ஒரு ட்ரை சூட் இருக்கவேண்டும். கழுத்திலிருந்து பாதம்வரை மூடிய ஒரே உடுப்பு அது. உள்ளே சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. காற்றுத்தான் இருக்கும்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, அந்த உடுப்புகளை விற்கிற ஓட்வார் என்பவன் ஒரு வான் நிறையக் கொண்டுவந்து படகுத் துறையில் தொங்கவிட்டான். போட்டு, தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம். வருடத்தில் ஒரு நாள்தான் வருவான்.

"ரீச்சர், எனக்குச் சரியானது எது?" என்று தவமலர் கேட்டாள். பழக்கும் நாட்களில் மட்டும் அவள் ஆரபியை ரீச்சர் என்பாள்.

"போட்டுப் பாருங்கோ."

ஓட்வார் முதலில் எடுத்துக் கொடுத்தது ஆண்களின் நடு அளவு. தோள் பொருந்தியது. கழுத்து பொருந்தியது. பாதம் மட்டும் இரண்டு விரற்கடை பெரிது.

"பெண்களுக்கு இதைத்தான் கொடுக்கிறோம். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை" என்றான்.

"பரவாயில்லை. ரெண்டு சொக்ஸ் கூடப் போட்டுச் சமாளிக்கலாம்" என்றாள் தவமலர்.

"அப்ப இறங்குங்கோ" என்றாள் ஆரபி.

அவளும் கூடவே இறங்கினாள். ஆழம் ஓர் ஆள் உயரம்தான். தவமலர் தலையைக் கொஞ்சம் கீழே சாய்த்ததுதான் தாமதம், உடுப்புக்குள் இருந்த காற்றெல்லாம் பாதத்துக்கு ஓடியது. பாதங்கள் பலூன்போல ஊத, கால் அதற்குள்ளிருந்து கழன்றது. ஆள் தலைகீழ். ஆரபி கைக்கெட்டும் தூரத்தில் நின்று, மூன்று மூச்சு எண்ணிவிட்டுத்தான் பிடித்துத் திருப்பினாள்.

தவமலர் மேலே வந்து வாயிலிருந்த குழாயைத் துப்பினாள்.

"விசர்ப் பெட்டை! பாத்துக்கொண்டே நிக்கிறாய்! நான் செத்திருப்பன்!"

"இல்லை அன்ரி. சமாளிச்சிருப்பீங்கள்."

வந்த கோபத்தில் தவமலர் ஏணியில் ஏறும்போது இரண்டு படி தவறவிட்டாள். கை கொடுக்க வந்த ஓட்வாருக்கும் ஏச்சு விழுந்தது. பாவம், அவனுக்குத் தமிழ் தெரியாது.

இரண்டாவது, பெண்களுக்கென்று தைத்த உடுப்பு. சிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை ஓடியது. ஓட்வார் பின்னால் நின்று இழுத்துப் பூட்டிவிட்டான். கை, கால், வயிறு எல்லாம் அளவாக இருந்தன. தண்ணீருக்குள் அரை மணித்தியாலம் கிடந்துவிட்டு, சின்னப்பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"இதுதான் ரீச்சர்! எனக்கெண்டே தைச்ச மாதிரி!"

"நல்ல வடிவாயிருக்கு. கழட்டிப்போட்டு வாங்கோ, கோப்பி குடிப்பம்" என்று சொல்லிவிட்டு ஆரபி படகுக் கொட்டகைக்குள் போனாள்.

தவமலர் இடது கையை முதுகுக்குப் பின்னால் விட்டாள். எட்டவில்லை. வலது கை எழும்பவே இல்லை. கம்பத்தில் முதுகை வைத்துத் தேய்த்தாள். ஒரு கயிற்றைச் சிப்பில் கொளுவி இழுத்தாள்.

"நான் திறந்து விடுகிறேன்" என்று ஓட்வார் வந்தான்.

"தொடாதே!"

கால் மணித்தியாலம் கழித்து, உள்ளே வியர்த்து ஊற்ற, கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"திறந்துவிடு பிள்ளை."

ஆரபி எழுந்து வந்து திறந்தாள். "இனி ஆர் திறப்பினம்?"

"மனுசன் இருக்கிறார்தானே."

"துறைக்கு வருவாரோ?"

தவமலர் கோப்பியை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். "கிளப்பில ஆரையும் கேக்கலாம்."

"கேக்கலாம்" என்றாள் ஆரபி.

மூன்றாவது உடுப்புக்குச் சிப் முன்பக்கம். தன் கையாலேயே பூட்டினாள். கழுத்து ரப்பர்தான் பிடித்து நெரித்தது. போகப் போக இளகும் என்றான் ஓட்வார். தவமலர் வாயைத் திறந்தாள். பரவாயில்லை என்ற சொல் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆரபி துறைக்கு வெளியே நின்ற ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லை. இது வேண்டாம்" என்றாள் தவமலர்.

நாலாவதும் வேண்டாம். ஐந்தாவதும் வேண்டாம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஓட்வாரின் முகம் சிவந்தது.

"அம்மா, உங்கள் வயதுக்கும் உடம்புக்கும் யாரும் உடுப்புத் தைத்து வைத்திருப்பதில்லை. பேசாமல் கோடையில் மட்டும் இறங்குங்கள். மீன் பார்க்க வேண்டுமென்றால் தொலைக்காட்சியில் நன்றாகக் காட்டுகிறார்கள்."

தவமலர் ஈரத் தலையோடு அவன் முன்னால் போய் நின்று, தொழிற்சாலையில் பழகிய நோர்வேஜிய மொழியில் சொன்னாள்.

"கேள். தொழிற்சாலையில எனக்குத் தந்த கையுறை ஆம்பிளையளின்ர அளவு. விரல் நுனியை மடிச்சு ரப்பர் பான்ட் போட்டு வெட்டினன். மேசை உன்னை மாதிரி உயரமான ஆக்களுக்குச் செய்த மேசை. மீன் பெட்டிக்கு மேல ஏறி நிண்டு வெட்டினன். இந்தத் தோள் சும்மா போகேல்லை. இருபத்தொன்பது வருசம் வாயைத் திறக்காமல் வெட்டினன். இப்ப திறக்கிறன். அளவு நாடா வைச்சிருக்கிறியோ இல்லையோ?"

வைத்திருந்தான்.

"எடு வெளியில. எனக்குத் தை."

அவன் நாடாவையும் இருபத்துநான்கு கோடு போட்ட படிவத்தையும் எடுத்தான். படிவத்தை ஆரபியிடம் நீட்டினான். ஆரபி வாங்கவில்லை. தவமலர் வாங்கினாள்.

நெஞ்சைச் சுற்றி அளந்தான். இடுப்புக்கு வந்தபோது தவமலர் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்தாள்.

"வயித்தை விடுங்கோ அன்ரி" என்றாள் ஆரபி.

"சும்மா இரு பிள்ளை, ஆம்பிளை நிக்கிறான்."

"விடுங்கோ."

விட்டாள். ஓட்வார் மரியாதையாக எண்ணை மட்டும் பார்த்தான்.

அடுத்து, கழுத்துப் பிடரியிலிருந்து தொடையிடுக்கு வரையான முதுகு நீளம். தவமலர் சட்டென்று துறைப் பலகையில் குந்தினாள். ஊரில் மீன் கழுவக் குந்துவதுபோல, பாதம் முழுவதும் நிலத்தில் பட, முழங்கால் நெஞ்சில் முட்ட.

"எழும்புங்கள். நின்றால்தான் அளக்கலாம்" என்றான் ஓட்வார்.

"இப்பிடியே அள."

"குந்தியிருந்து யாரும் அளவு கொடுப்பதில்லை."

"தண்ணியில இறங்கமுன்னம் குந்தித்தானே உள்ளுக்கு நிக்கிற காத்தை வெளியேத்திறது? அங்க குந்திறது நானோ நீயோ? அள."

அவன் ஆரபியைப் பார்த்தான். ஆரபி அப்போதும் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அளந்தான். இந்த உயரத்துக்கு வழக்கமாக நின்று எடுப்பதைவிடப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கூடுதல். இரண்டாம் தரமும் அளந்துவிட்டு, அவள் நீட்டிய படிவத்தில் எழுதினான். பிறகு வந்த அளவுகளையெல்லாம் அவனே குந்தியிருந்து கவனமாக எடுத்தான்.

இருபத்துமூன்று கோடும் நிரம்பியது. பாதம் மட்டும் மிச்சம்.

"எப்ப வரும்?" என்று தவமலர் கேட்டாள்.

ஓட்வார் விரல்விட்டு எண்ணினான். "பங்குனிக் கடைசி."

"மாசியில வேணும்."

"முடியாது. ஒருவருக்கென்று தைப்பது அவ்வளவு காலம் எடுக்கும்." அவன் குரல் இப்போது பணிவாகத்தான் இருந்தது. "இரண்டாவதாகப் போட்டீர்களே, முதுகுச் சிப் வைத்தது. அதை இன்றைக்கே கொண்டுபோகலாம்."

பங்குனி முடிய முன்னமே மீன் கூட்டம் வெளிக்கடலுக்குப் போய்விடும். அது அந்த ஊரில் தவமலரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? தொழிற்சாலையில் வேலை குறையும் நாட்களை வைத்தே அவள் அதைக் கணக்குப் பிடித்தவள். இந்த வருடம் விட்டால் அடுத்த மாசி. அதற்குள் இந்தத் தோள் எப்படி இருக்குமோ, டொக்டர் என்ன சொல்வாரோ. அவளுக்கு அழுகை முட்டியது. மறைக்கவும் இல்லை.

கம்பியில் அந்த இரண்டாவது உடுப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு வடிவான உடுப்பு.

ஆரபியிடம் போனாள்.

"ரீச்சர், ஒரு கிழமைதானே. சிப்பை ஆரையாவது பிடிச்சுப் பூட்டுவிப்பன். ஆரும் வராட்டி உடுப்போடயே பஸ்ஸில வீட்டை போவன். மீனைப் பாத்திடுவன். நீங்கள் சொல்லுங்கோ, நான் சமாளிக்க மாட்டனோ?"

ஆரபி முதல் தடவையாகக் கப்பலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள்.

"சமாளிப்பீங்கள் அன்ரி. நல்லாச் சமாளிப்பீங்கள். எனக்கு அதுதான் பயம்."

தவமலர் மூக்கைத் துடைத்தாள். ஓட்வார் நாடாவோடு குந்தியிருந்த இடத்துக்குப் போய், எதிரே கிடந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.