சிற்றரசன் ஏறிப் பார்த்த மதில்

ஸ்லாவிய நாட்டுக் குன்று ஒன்றின் உச்சியில், சிற்றரசன் ராதோவன் அடிவாரத்து உழவர்களைக் கொண்டு தன் கோட்டைக்கு மரமும் மண்ணுமாக மதில் எழுப்பிக்கொண்டிருந்தான். “இந்த நாட்டில் எவனாலும் ஏற முடியாத உயரம் வரும்வரை ஒருவரும் வீடு திரும்பக் கூடாது” என்றான். விதைப்புக் காலமோ கைநழுவிக்கொண்டிருந்தது.

மண் சுமந்துவந்த உழவர் பெண் லுபிட்சா கூடையை இறக்கிவைத்துப் பணிவாகக் கேட்டாள்: “பிரபுவே, இந்த நாட்டிலேயே ஏறுவதில் வல்லவர் யார்?”

“நான்தான். அதிலென்ன சந்தேகம்?”

“அப்படியானால் தாங்களே ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.”

வீரர்கள் பார்த்திருக்க ராதோவன் மூன்று தடவை ஏறினான். மூன்று தடவையும் பாதியில் சறுக்கிச் சேற்றில் விழுந்தான்.

“தங்களாலேயே முடியவில்லையென்றால் வேறு யாரால் முடியும்?” என்றாள் லுபிட்சா.

இன்னும் உயர்த்தச் சொன்னால், தன்னைவிட வல்லவன் உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ராதோவன் தாடிச் சேற்றைத் துடைத்தபடி, “மதில் முடிந்தது” என்றான்.

மறுநாள் காலை அடிவாரத்து வயல்களில் ஏர் ஓடியது.