தளவாயின் கையே தராசு

முன்னொரு காலத்தில், அரசனுக்கு ஆசை வந்தால் குடிகளுக்கு முதுகு வலிக்கும் ஒரு நாட்டில், மாறவேள் என்ற மன்னன் ஆண்டு வந்தான். காலையில் எழும் சூரியன் முதலில் தன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று அவனுக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. உடனே மொட்டைப் பாறையின் உச்சியில் மண்டபம் கட்டும் வேலை தொடங்கியது. பொறுப்பு படைத்தலைவனான தளவாய் சங்கரநாதனுக்கு.

மன்னனின் சபையில் நன்னயன் என்றொரு விகடகவி இருந்தான். ஊரைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. வீட்டில் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. சபைக்குப் புதிய வேடிக்கை ஏதாவது கிடைக்குமா என்று அவன் ஒருநாள் பாறையடிவாரத்துக்குப் போனான். கிடைத்தது வேடிக்கையல்ல. ஓலைக் கொட்டகையில் நாற்பத்தொரு பேர் வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். கல் சுமந்தவர்கள். இடுப்பு பிசகியவர்கள், தோள் இறங்கியவர்கள், காலே வராமல் போனவர்கள்.

ஓரமாகக் கிடந்த இருளாண்டியிடம், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டான் நன்னயன்.

"கல்லு அப்படியொண்ணும் கனமில்லீங்க சாமி. நெஞ்சோட அணைச்சுக்கிட்டா நான் பாட்டுக்குப் படியேறிடுவேன். ராசா பாதம் படுற கல்லு, கூலிக்காரன் வேர்வை படக்கூடாது, கைய நீட்டித்தான் தூக்கணும்னு தளவாய் உத்தரவு. கல்லு உடம்ப விட்டுத் தள்ளிப் போகப் போக, பாரம் பூரா இடுப்புல வந்து உக்காருது. படியில திரும்பினேன். உள்ள என்னமோ சடக்குன்னுச்சு. அதுக்கப்புறம் காலு எனக்குச் சொந்தமில்ல."

பக்கத்தில் அவன் மனைவி மூக்காயி ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். விழுந்தவர்களெல்லாம் நடிக்கிறார்கள் என்று சொல்லி, தளவாய் அவர்களுடைய படியரிசியை நிறுத்தி ஏழு நாளாகியிருந்தது.

மறுநாள் நன்னயன் சபையில் இதைச் சொன்னான். அவன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த தளவாய் எழுந்தான்.

"பிரபு! கல்லை அணைத்தாலும் நீட்டினாலும் எடை ஒன்றுதான். இந்த விகடகவி சோம்பேறிகளுக்காகப் பொய் சொல்கிறான். ஒரே பொருளுக்கு இரண்டு கனம் உண்டென்று தராசில் காட்டட்டும். காட்டாவிட்டால் நாடு கடத்துங்கள்!"

மன்னனுக்கு அது பிடித்திருந்தது. "நன்னயா, நாளை சபையில் தராசு வைத்துக் காட்டு. முடியாவிட்டால் எல்லையைத் தாண்டிவிடு" என்றான்.

மறுநாள் நன்னயன் வெறுங்கையோடு வந்தான்.

"தராசு எங்கே?" என்றான் மன்னன்.

"எந்தத் தராசு என்று தாங்கள் சொல்லவில்லையே பிரபு! கல்லைத் தூக்குவது கடைத் தராசல்ல, மனிதன் கை. நாட்டிலேயே நம்பகமான கை தளவாயுடையது. அதையே தராசாக வைக்கிறேன்."

சபை சிரித்தது. யானையை அடக்கிய கை என்று பெருமையடித்துக்கொண்டு தளவாய் முன்வந்தான். நீர் நிறைந்த ஒரு பித்தளைச் செம்பை நன்னயன் அவனிடம் தந்தான்.

"முதலில் நெஞ்சோடு ஒரு கையால் அணைத்துக்கொள்ளுங்கள். நான் சில பெயர்களைச் சொல்லி முடிக்கும்வரை."

கொட்டகையில் கிடந்தவர்களின் பெயரையும் ஊரையும் நன்னயன் நிதானமாகச் சொன்னான். நாற்பத்தொன்றும் முடிந்தன. தளவாய் கொட்டாவி விட்டான்.

"இப்போது கையை நேரே நீட்டிப் பிடியுங்கள்."

மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்கினான். ஒன்பதாவது பெயரில் தளவாயின் மணிக்கட்டு ஆடியது. பதினைந்தாவதில் நெற்றி வேர்த்தது. இருபதில் தோள் நடுங்கி, நீர் தளும்பித் தரையில் சிந்தியது. இருபத்து மூன்றாவது பெயர் இருளாண்டி. செம்பு கீழே விழுந்து உருண்டது.

"கனத்துவிட்டது பிரபு!" என்று தன்னை மறந்து சொல்லிவிட்டான் தளவாய்.

"அதே செம்பு, அதே தண்ணீர்" என்றான் நன்னயன். "தளவாய் நடிக்கிறாரா, பிரபு? அவருடைய சோற்றையும் நிறுத்திவிடலாமா?"

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

"மாலை வேண்டாம் பிரபு. விழுந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கப் படியரிசி வேண்டும். சுமப்பவர்கள் கல்லை மார்போடு அணைத்துக்கொள்ள உத்தரவு வேண்டும். வேர்வையைக் கழுவிவிடலாம்."

"தந்தேன். ஆனால் மண்டப வேலை நிற்காது" என்றான் மன்னன்.

அன்று மாலையே நன்னயன் அரிசி மூட்டைகளோடு கொட்டகைக்குப் போனான். மூக்காயி தன் கணவனை மெல்லப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்ட இருளாண்டி, நன்னயன் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ராசா சிரிச்சாருங்களா?"

"சிரித்தார்."

"வயிறு குலுங்கவா?"

"ஆமாம்."

"நல்லது சாமி" என்றான் இருளாண்டி. "எனக்குத்தான் சிரிச்சா இடுப்பு வலிக்குது."