கேள்வியெல்லாம் கடைசியில்

"மூணு நாள் தொண்டை கிழியப் பேசியிருக்கேன் சாமி. ஒருத்தர் மூஞ்சிலயும் ஈயாடல."

மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று ஆவுடையப்பன் குமுறினார். மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆவுடையப்பன் மடத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர். பூதலிங்க சாமி மடத்துக்குத் தலைவர். வயசு என்று பார்த்தால் சாமிதான் நாலு வருஷம் இளையவர். ஆனாலும் மனசு கலங்கினால் ஆவுடையப்பனுக்குப் போக்கிடம் அந்த வாசல்தான். சாமியும் அவரை 'வே' போட்டுத்தான் கூப்பிடுவார். அவ்வளவு பிரியம்.

"அப்படி என்னத்தைப் பேசினீரு?"

"புதுப் பாடத்திட்டம் சாமி. ஜூன்ல ஒன்பதாம் வகுப்புக்கு வருது. எந்த வாரம் எந்தப் பாடம், யாருக்கு எந்த வகுப்பு, பெத்தவங்களைக் கூப்பிட்டு எப்பச் சொல்லணும், எல்லாம் எழுதிச் சுவர்ல ஒட்டியாச்சு. என் திட்டத்துல ஒரு குறை சொல்ல முடியாது. வாத்திமாருக்குப் பயிற்சியும் குடுத்தாச்சு."

"அதுல என்னவே புதுசு?"

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே வாத்தியார் பேச்சைக் குறைக்கணும் சாமி. பிள்ளைகளைக் கேள்வி கேக்க விடணும். அதுதான் இதோட உயிரு. காலையில மைக்கைப் பிடிச்சேன்னா பொழுது சாயுத வரைக்கும் இதைத்தான் விளக்கினேன்."

"எங்க அடுக்களை வரைக்கும் கேட்டுது. பெறவு?"

"பெறவு என்ன. கோமு டீச்சர் வேலையை விட்டுட்டுப் போறாங்களாம்."

சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போய்விட்டது.

கோமு டீச்சர் அறிவியல் டீச்சர். அவர் வகுப்பு இருக்கிற நாளில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. ஆவுடையப்பன் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து கூடவே இருப்பவர். அவர் இல்லாத பள்ளிக்கூடத்தை மனுஷனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஏனாம்?"

"புதுசெல்லாம் எனக்குச் சரிப்படாது சார், மகன் வீட்டுக்குப் போயிருதேன்னுட்டாங்க. இப்ப உக்காந்து சாமானைக் கட்டுதாங்க. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிருவாங்க."

"பயிற்சியில ஒண்ணும் கேக்கலையா அவங்க?"

"நடுவுல ஒரு தரம் கையைத் தூக்கினாங்க. கேள்வியெல்லாம் கடைசியிலன்னேன். கடைசியில நேரம் இல்லாமப் போச்சு. அது கிடக்கட்டும் சாமி. அவங்களை நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க."

சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சொல்லுதேன். அதுக்கு முன்னால விருந்தோம்பல்னா என்னன்னு ஒரு நாலு வார்த்தை. கேளும்."

விருந்தோம்பலுக்கும் பாடத்திட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவைத்தார்.

சாமி நிழல் விழுந்த படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். ஆவுடையப்பன் வெயிலில், வெறுங்காலோடு.

"வீடு தேடி வந்தவனை முதல்ல உக்காரச் சொல்லணும்வே. வெயில்ல நிறுத்தப்படாது."

"ஆமா சாமி." ஆவுடையப்பன் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டார்.

"ஒரு செம்புத் தண்ணி குடுக்கணும். வேணுமான்னு கேக்கப்படாது. முகத்தைப் பாத்துக் குடுக்கணும்."

"சாமி, தண்ணி..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

உள்ளேயிருந்து சொதி வாசம் வந்தது. தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்குகிற நேரத்து வாசம். பின்னாலேயே இஞ்சித் துவையல் வாசம். ஆவுடையப்பன் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

சாமி பேச்சும் சொதிக்கே வந்துவிட்டது. இலையை எப்படிப் போடணும், வந்தவன் போதும் என்று கையை மறித்தாலும் இன்னொரு கரண்டி ஊற்றுவது எப்படி, அவன் ஏப்பம் விடுகிறவரை எழுந்திருக்க விடவே கூடாதே, அது ஏன்? அழகாகத்தான் பேசினார், பாவி மனுஷன். கேட்டால் கல்லுக்கும் பசிக்கும்.

ஆவுடையப்பனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம், சொல்ல வெட்கம், அழுகையாக வந்தது. சாமிக்குத் தன் மேல் பிரியமே விட்டுப் போயிற்றோ என்று நினைத்தார்.

தன்னை அறியாமல் கையைத் தூக்கினார்.

சாமி அந்தக் கையைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை.

ஆவுடையப்பனும் அந்தரத்தில் நின்ற தன் கையைப் பார்த்தார்.

பிறகு செருப்பைத் தேடி மாட்டினார்.

"எங்கவே போறீரு? உள்ளே உமக்கு இலை போட்டாச்சு. சொதி ஆறிரும்."

"இன்னொரு இலையும் சேத்துப் போடச் சொல்லுங்க சாமி," என்றார் ஆவுடையப்பன், பாதித் தெருவிலிருந்து.

ஆசிரியர் அறையில் கோமு டீச்சர் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். பூதக்கண்ணாடி பைக்குள் போயாயிற்று. காந்தம் கையில் இருந்தது.

ஆவுடையப்பன் மூச்சிரைக்க வந்து எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் கையைத் தூக்கினீங்களே டீச்சர். என்ன கேக்க வந்தீங்க?"

"அது இப்ப எதுக்கு சார்."

ஆவுடையப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. டீச்சர் காந்தத்தை உள்ளங்கையில் போட்டு உருட்டினார்.

"பிள்ளைகளைக் கேக்க விடுங்கன்னீங்க. சரி. அதுக கேக்கதுக்கு எனக்குப் பதில் தெரியலன்னா? இத்தனை வருசத்துல பிள்ளைகள் முன்னால நின்னு தெரியாதுன்னு ஒரு நாளும் நான் சொன்னதில்ல சார். அதை எப்படிச் சொல்லணும்னே எனக்குத் தெரியாது. நான் என்ன சார் செய்ய?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தில் இதற்கும் ஒரு பதில் இருந்தது. அவருக்கு அது மனப்பாடம்.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கும் தெரியல டீச்சர்."

கோமு டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு காந்தத்தைப் பழையபடி அலமாரியில் வைத்தார்.

"இப்படித்தான் சொல்லணும் போலருக்கு," என்றார்.