நடுப் பொந்தில் கிடந்த ஆமை

டொக்... டொக்... டொக்...

ஒரு காட்டில் பொழுது விடிந்ததற்கு அந்தச் சத்தம்தான் முதல் அடையாளம். சாய்ந்து கிடந்த பொந்து மரத்தின் ஒரு முனையில் மரங்கொத்தி தட்டும். உடனே அங்கே குடியிருந்த எறும்புகள் இரை தேட ஓடும். அந்தத் தட்டல் மரத்துக்குள் அதிர்ந்தால் யாருக்கும் கால் தரிக்காது.

மறு முனையில் ஒரு காடை ஐந்து முட்டைகளை அடைகாத்தது. அதற்கு மட்டும் அது எங்கோ தூரத்துச் சத்தம். ஏனென்றால் நடுப் பொந்தை அடைத்துக்கொண்டு ஓர் ஆமை கிடந்தது.

"மகாராசாவுக்கு வேலை ஒன்றும் இல்லையோ?" என்று காடை தினமும் கேட்கும்.

"இல்லை, அம்மணி," என்று ஆமை தலையை இழுத்துக்கொள்ளும்.

ஒருநாள் கீரி வந்தது. ஊர் ஒற்றுமையில் அதற்கு அளவு கடந்த அக்கறை. முட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பார்த்ததோடு சரி.

"அக்கம்பக்கம் என்றால் கலந்து பழக வேண்டாமா, அக்கா? நடுவில் எதற்கு இந்தத் தண்டச்சோறு?"

"அப்படிச் சொல்லுங்க தம்பி!" என்றது காடை. எறும்புகளும் ஆமோதித்தன. ஆமை நடுப் பொந்தை விட்டு இறங்கிப் பக்கத்துக் குளத்துக்குப் போனது.

அன்று மாலை காடை "உர்ர்..." என்று முட்டைகளைத் தாலாட்டியது. தாலாட்டு தடையின்றி மறு முனைக்குப் போய், மழைக்காலத்துக்குப் புல்லரிசி சுமந்த எறும்புகளை வரிசையாகத் தூங்க வைத்தது. நல்ல ஒற்றுமை!

விடிந்தது. டொக், டொக்! காடையின் கால்கள் காடையைக் கேட்கவில்லை. புல்வெளிக்கு ஓடி நாலு பூச்சி கொத்திய பிறகுதான், "ஐயோ, நான் அடையில் அல்லவா இருந்தேன்!" என்று நினைவு வந்தது.

திரும்பி வந்தால், கீரி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. முட்டைகள் மூன்றுதான் இருந்தன.

"கலந்து பழகினேன், அக்கா," என்று நழுவியது கீரி.

காடை முட்டைகளின் மேல் படுத்தபடியே குளத்தைப் பார்த்துக் கத்தியது: "ஆமையண்ணே, திரும்பி வாங்க!"

"அங்கே எனக்கென்ன வேலை, அம்மணி? சும்மாதானே கிடந்தேன்?"

"அந்தச் சும்மாதான் வேணும், அண்ணே! நாளைக்கும் தட்டல் கேட்டால் இந்த மூன்றும் போயிடும்!"

ஆமை வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. நடுப் பொந்தில் நுழைந்து தலையை இழுத்துக்கொண்டது. காடை மூன்று முட்டைகளையும் அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துவிட்டு, மேலே உட்கார்ந்தது.

நீதி: நடுவில் சும்மா கிடக்கிறவரை விரட்டுமுன், அவர் எதைத் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பார்.