பாண் ஆட்டோ வந்த நேரம்

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையின் மேல்மாடி அறையில் நிரோஜினி படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முப்பத்துநான்கு வயது. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் அருள்நாயகம். ஐம்பத்தாறு வயது, இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். கூடப் படித்த பெடியள் அவரை 'மாப்பிள்ளை' என்று கேலி செய்வார்கள். அவர் கோபித்ததில்லை. மகள் வயதுக்காரியை 'ரீச்சர்' என்று கூப்பிடவும் அவருக்குக் கூச்சமில்லை. கூச்சம் அவருக்குப் பிறகுதான் வந்தது.

வகுப்பு முடிந்ததும் சொந்தமாக ஓர் ஆவணப்படம் எடுத்தார். யுத்தத்தின் கடைசி நாட்களில் பவளராணி என்ற பெண் கடலோரக் களப்புத் தண்ணீரைக் கடந்து தப்பிய கதை. அவள் தோளில் தங்கையின் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு தங்கை வந்தாள். கரை சேர்ந்தது பவளராணியும் குழந்தையும் மட்டும். அந்தக் குழந்தை துளசிகா இப்போது கம்பஸில் படிக்கிறாள். பவளராணியைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள்.

சனிக்கிழமை தாயும் மகளும் நிரோஜினியின் அறைக்கு வந்து படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை அருள்நாயகம் வந்தார்.

“ரீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்கோ அண்ணை.”

“இடைக்கிடை சத்தம் விழுந்ததாலை ஒரே சம்பவத்தை அவ நாலு தரம் சொன்னவ. முதல் சொன்னது ஒரு மாதிரி, கடைசியாச் சொன்னது வேற மாதிரி. எதைப் போடுறது?”

“ரெண்டையும் காட்டுங்கோ.”

முதலாவதில் பவளராணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“தண்ணி கழுத்துக்கு வந்திட்டுது. அவள் என்ர கையை விடேல்லை. மூண்டு பேரும் தாழப்போறம் எண்டு விளங்கிட்டுது. நான்தான் அவளின்ர விரலை ஒவ்வொண்டாப் பிரிச்சு…”

அப்போது பதிவில், தெருவில் பாண் ஆட்டோ வரும் சத்தம் கேட்டது. பேக்கரிப் பாணும் பணிசும் விற்கிற வண்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரே மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். பதிவு அங்கே அறுந்திருந்தது.

நாலாவதில் வெளிச்சத்தம் எதுவும் இல்லை. பவளராணி கமராவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

“தண்ணி இழுத்தது. அவளைக் கொண்டுபோயிட்டுது.”

அருள்நாயகம் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

“முதலாவதுதான் உண்மை ரீச்சர். ஆட்டோச் சத்தத்தை இப்ப கம்ப்யூட்டரிலை துடைக்கலாம். அதைப் போட்டால் பாக்கிற ஆக்கள் கதிரையை விட்டு எழும்பமாட்டினம்.”

“பிள்ளைக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அவவைக் கேட்டனீங்களோ?”

“எதையும் போடலாமெண்டு கையெழுத்து வைச்சுத் தந்தவ.”

நிரோஜினி மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்தாள். பவளராணியிடம் அவர் கையெழுத்து வாங்கிய அதே படிவத்தின் இன்னொரு பிரதி.

“இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ.”

இருபது வருடப் பழக்கம். வாசிக்காமலே வைத்தார். அவள் கமராவை அவர் பக்கம் திருப்பினாள்.

“அண்டைக்குப் பாண் ஆட்டோ வந்த நேரம் என்ன நடந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ.”

அவர் தொண்டையைச் செருமினார். இதை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

“நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சத்தத்தின்ர அளவைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அது மேலை பாய்ஞ்சுது. ‘நிப்பாட்டுங்கோ அக்கா, பாண் ஆட்டோ’ எண்டு கையைக் காட்டினன். அவ விரலைப் பிரிக்கிற மாதிரி கையை வைச்சிருந்தவ. ஆட்டோ போய்முடியுமட்டும் அந்தக் கையை இறக்கேல்லை. என்ன சொன்னவ எண்டு எனக்கு அப்ப விளங்கவேயில்லை ரீச்சர். வீட்டை வந்து போட்டுப் பாக்கேக்கைதான்…”

கண்ணைத் துடைத்தார்.

“ஃபான் சத்தம் விழுந்திட்டுது அண்ணை. இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. மறுபடி சொன்னார். பவளராணியின் கையை இந்த முறை அவர் சொல்லவில்லை.

“கீழை கடைக் கதவு அடிச்சது. இன்னொருக்கா.”

மூன்றாம் முறை எங்கே நிறுத்தினால் எடுபடும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. அங்கே நிறுத்தினார்.

“நான் இருமிப்போட்டன். குறை நினைக்காதேங்கோ.”

நாலாம் முறை அவர் கமராவை நேராகப் பார்த்துப் பேசினார்.

“பாண் ஆட்டோ வந்தது. அவவே கதையை நிப்பாட்டிப்போட்டா. சரி, கொஞ்சம் ஆறட்டுமெண்டு நானும் விட்டிட்டன்.”

நிரோஜினி கமராவை நிறுத்தினாள். அவருடைய முதலாவதையும் நாலாவதையும் அடுத்தடுத்துப் போட்டாள்.

அருள்நாயகத்துக்கு உடம்பு கூசியது. திரையில் இருந்த இரண்டு முகத்திலும் எதை முதலில் மறைப்பது என்று தெரியாமல் தன் முகத்தை மூடிக்கொண்டார்.

“நான் பொய் சொல்லவெண்டு நினைக்கேல்லை ரீச்சர்.”

“தெரியும்.”

“உந்தப் பதிவை அழிச்சுவிடுங்கோ.”

அவள் அந்தப் படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் வாசித்தார். எதையும், எங்கேயும், எப்போதும் என்று அதில் இருந்தது. அவரே எழுதிய வாசகம்.

படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, “அப்ப அவவின்ர நாலாவதையே போட்டுவிடட்டோ?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்கவில்லை.

“சனிக்கிழமை பவளம் அக்காவை ஒரு மணித்தியாலம் முந்தி, தனிய வரச்சொல்லுங்கோ,” என்றாள் நிரோஜினி. “முதல்லை உங்கட முதலாவதை அவவுக்குப் போட்டுக் காட்டுவம். பிறகு தன்ரையிலை எதைப் போடுறதெண்டு அவ சொல்லட்டும்.”