கிட்டுசாமியின் சத்தமில்லாத கார்

கிட்டுசாமியின் கார் சத்தம் போடாது என்பதைக் கிட்டுசாமிதான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் வேறு யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. பொள்ளாச்சி டாக்ஸி ஸ்டாண்டிலேயே மூத்த வண்டி அது, டீசல் அம்பாசடர். போன மாதம் வரைக்கும் அது முக்குத் திரும்பினாலே டீக்கடை ரஷீத் பாய் கண்ணாடி டம்ளர்களைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வார்.

அன்று முகூர்த்த நாள். மற்ற வண்டிகளெல்லாம் கல்யாணங்களுக்குப் போய்விட்டன. கிட்டுசாமியைத்தான் யாரும் கூப்பிடவில்லை. அந்த நேரம் பார்த்து சுலோச்சனா டீச்சர் வந்து நின்றார்.

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்து மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரணும். அப்புறம் ஒரு வருசத்துக்கு மாசாமாசம் ஊசி போடப் போகணும். அதுக்கும் இதே வண்டிதான். பல்லி கத்துனாக்கூட முழிச்சுக்கற குழந்தை அது. சத்தமில்லாத வண்டியா வேணும். இல்லைன்னா மத்தியானம் மத்தவங்க வந்ததும் பாத்துக்கறேன்."

ஒரு வருடத்துச் சவாரி. கிட்டுசாமி நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"போன மாசம் நானே வேலை பாத்தேனுங்க டீச்சர். தரையைப் பூராப் பிரிச்சு, மொட்டை மாடி ஒழுகாம ஒட்டறாங்களே தார் ஷீட்டு, அதுல மிஞ்சுன துண்டா ஒட்டுனேன். மேல லாரி டியூப்பை வெட்டிப் பரப்புனேன். அதுக்கு மேல தேங்காநார் மெத்தை. கதவுக்குள்ள, நாத்து வளக்கறதுக்கு வெக்கற நார்த்தூள் கட்டி. எல்லாம் கழிச்சுப் போட்ட சாமானுங்க. கார் சாமான் கடைக்காரன் ஒரு கதவுக்குக் கேட்ட காசுல முழு வண்டியும் முடிஞ்சுது."

இவ்வளவும் நிஜம். இங்கேயே நிறுத்தியிருந்தால் சவாரி கைக்கு வந்திருக்கும். ஆனால் நிஜத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவது கிட்டுசாமிக்குப் பழக்கமில்லை.

"ஆனைமலை ரோட்டுல ஒரு எருமைங்க. வண்டி வர்றதே அதுக்குத் தெரியல. மரம்னு நினைச்சு, கதவுல முதுகைத் தேச்சுச் சொறிஞ்சுக்குச்சு."

"வண்டி ஓடிட்டா இருந்துச்சு?" என்றார் ரஷீத் பாய்.

"நாப்பதுல."

"அப்ப எருமை?"

"அதுவும் நாப்பதுலதான். அரிப்பு அப்படி."

ஸ்டாண்டில் ஆக்டிங் டிரைவராக இருந்த நஞ்சப்பன் டீயை உறிஞ்சினான். சொந்த வண்டி கிடையாது, யார் கூப்பிட்டாலும் அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுப்பான். பேச்சு கம்மி.

கிட்டுசாமி விடவில்லை. "உடுமலைப் பக்கம் போலீஸ்காரர் மடக்கிட்டாருங்க. இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறக்கத்துல உருட்டிட்டு வர்றயான்னாரு. இது ஏத்தமுங்கன்னேன். நம்பல. பானெட்டைத் தூக்கிக் காட்டுனேன். இஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டு பேரும் காதை வெச்சுக் கேட்டோம். ஒண்ணுங் கேக்கல. நாம ஓடறமா இல்லையான்னு இஞ்சினுக்கே சந்தேகம் வந்து நின்னுபோச்சுங்க."

டீச்சர் எழுந்து காரைச் சுற்றி நடந்தார். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் பிடிபடாததால் கிட்டுசாமி பின்னாலேயே போனான்.

"உள்ள போட்ட சத்தம் உள்ளயே இருக்குமுங்க. ஒரு தடவை மேளக்காரங்களை ஏத்திட்டுப் போனேன். வழி நெடுக வாசிச்சுப் பாத்தாங்க. வெளிய ஒரு பொட்டு கேக்கல. மறுநாள் ஒரு எழவு வீட்டுக்குச் சவாரி. வாசல்ல நிறுத்திக் கதவைத் திறந்தேன், கெட்டிமேளம் கொட்டிருச்சு."

"அடிச்சாங்களாண்ணா?" என்றான் நஞ்சப்பன்.

"திட்டிருப்பாங்க. நான் கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தேன். எனக்கெப்படிக் கேக்கும்?"

டீச்சர் பின்பக்க இடது கதவை இழுத்தார். வரவில்லை. கண்ணாடி ஓரத்தில் பச்சையாக இரண்டு இலைகள் எட்டிப் பார்த்தன.

நார்த்தூள் கட்டி தண்ணீர் பட்டால் உப்பும் என்பது பொள்ளாச்சியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தென்மேற்கு மழை பிடிப்பதற்கு முந்தின நாள் அதைக் கதவுக்குள் திணித்தவன் கிட்டுசாமி ஒருவன்தான்.

"ஊறி உப்பிருச்சுங்க டீச்சர்," என்றான் நஞ்சப்பன்.

"அவனுக்கென்ன தெரியும்? அது தக்காளிங்க, நானாத்தான் விதைச்சேன். சத்தத்தைத் தின்னு வளர்ற சாதி. வால்பாறை மலையில கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சனா, ஏறி எறங்கறதுக்குள்ள ஒரு கூடை காச்சுருச்சு. அதுல ரசம் வெச்சா, கொதிக்கறப்ப பாம் பாம்ங்குது."

"ரசம்?" என்றார் பாய்.

"அட, லாரி வருதுன்னு எதுத்த வீட்டுக்காரங்க ஒதுங்கி வழி விட்டாங்க பாய்."

டீச்சர் வலது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கிட்டுசாமி அசையும் முன் நஞ்சப்பனைக் கூப்பிட்டு, வண்டியை எடுத்து ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னார்.

திரும்பி வந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் தலையாட்டினார். "நெசமாவே நல்லாப் பண்ணிருக்கீங்க. முன்ன இந்த வண்டி எங்க தெருவுல போனா எனக்குப் பாடமே நடத்த வராது. இப்ப பேத்தி நிம்மதியாத் தூங்குவா. வருசம் பூரா இதே வண்டி இருக்கட்டும்."

கிட்டுசாமிக்கு உச்சி குளிர்ந்தது. சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டே, "இதைவிட ஒரு விசயம் இருக்குதுங்க, போற வழியில சொல்றேன்," என்றான்.

"அது வேண்டாமுங்க. வண்டி வாடகை உங்களுக்கே வந்துரும். நஞ்சப்பன் ஓட்டட்டும். குழந்தை தூங்கணும் பாருங்க."

கார் கோயமுத்தூர் ரோட்டில் திரும்பி மறைந்தது. கடையில் ஒரு டம்ளர்கூட ஆடவில்லை. நீட்டிய கையை மடக்க மறந்து கிட்டுசாமி நின்றிருந்தான்.

ரஷீத் பாய் அந்தக் கையில் ஒரு டீயை வைத்தார். "ஏப்பா கிட்டு, வண்டி போயிருச்சா?"

கிட்டுசாமி காலி இடத்தைப் பார்த்தான்.

"போயிருச்சுங்களா பாய்? பாத்துக்கங்க, எனக்கே கேக்கல."