வாய் பொத்தாத ராசா

மழைக்குப் பேர்போன ஒரு சீமையிலே ஒரு ராசா இருந்தாராம். அவர் துப்புறதுக்குப் பக்கத்துலயே நின்னு படிக்கம் ஏந்துறவ ஒருத்தி, பேரு சடைச்சி. அவ புருஷன் மொக்கையன் ராசாவுக்கு விசிறி வீசுறவன்.

அந்த ராசாவுக்கு ஒரு மந்திரி. ராசா வாய் சும்மா இருந்தா நாட்டுல என்ன நடக்குதுன்னு கேக்குமே, அதனால காலையில அதிரசம், மத்தியானம் பாகுல ஊறின பணியாரம், ராத்திரி படுக்கப்போறப்போ கன்னத்துல அடக்கிக்க ஒரு வெல்லக்கட்டின்னு ஊட்டிக்கிட்டே இருந்தானாம். கொப்புளிச்சா தித்திப்பு போயிரும், வேண்டாம்னுட்டானாம். ராசா வாய் செத்த எலியா நாறுச்சு. ஆனா யாரு சொல்லுவா? ராசா முன்னால எல்லாரும் கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் பேசணும், அது அந்தச் சீமை வழக்கம். அப்படியே மூக்கையும் சேத்துப் பொத்திக்கிட்டாங்க. ராசா அதை மரியாதைன்னு நினைச்சுக்கிட்டாரு. சிரிக்காதீங்க, இனிமேதான் அழுகை இருக்கு.

அடைமழை வந்துது. கதவெல்லாம் சாத்தினாங்க, நாத்தம் சுவத்துல முட்டி ராசா மூக்குக்கே திரும்பி வந்துது. எங்கேருந்து நாறுதுன்னு கேட்டாரு. மந்திரி கொஞ்சமும் யோசிக்காம மொக்கையனைக் காட்டினான். கொல்லனைக் கூப்பிட்டுக் குறடு வச்சு முப்பத்திரண்டு பல்லையும் புடுங்கிட்டாங்க. படிக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு சடைச்சி பாத்துக்கிட்டு நின்னா, வாயைத் தொறக்கல. நாத்தம் போகல. அப்புறம் தண்ணி கொண்டாரவளைக் காட்டினான், அவ பல்லும் போச்சு. அப்பவும் நாத்தம் போகல. மூணாவதா மந்திரி விரல் சடைச்சி பக்கம் திரும்புச்சு.

கொல்லன் குறட்டைத் தொடைச்சுக்கிட்டு வந்தான். சடைச்சி புருஷனை நினைச்சுப் பாத்தா. வீட்டுல ரெண்டு வாயிலயும் பல்லு இல்லேன்னா யாரு யாருக்கு மென்னு குடுக்குறது?

"ராசா, என் பல்லைப் புடுங்குங்க. அதுக்கு முந்தி ஒரே ஒருக்க, நாங்க பொத்துற மாதிரி நீங்களும் வாயைப் பொத்தி ஒரு வார்த்தை பேசிப் பாருங்க" அப்படின்னா.

பொறந்ததுலேருந்து யார் முன்னாலயும் வாயைப் பொத்தாத ராசா கையைக் குவிச்சு, "என்ன பேசணும்?" அப்படின்னாரு. அவ்வளவுதான். மொகம் கறுத்துப் போச்சு. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்ல.

அப்புறம் மெதுவா, "எனக்கு எப்படி வந்துது?"ன்னாரு.

"வாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாருக்கும் உண்டு ராசா. நாங்க களியும் கீரையும் தின்னு, வேலங்குச்சியால விளக்கிக் கொப்புளிச்சுடுவோம், அதுங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. நீங்க வெல்லத்தோட தூங்குறீங்க, அதுங்களுக்கு விடிய விடியப் பந்தி. அதுங்க தின்னு கழிக்கிறதுதான் இந்த நாத்தம்."

ராசா மந்திரியைப் பாத்தாரு. அவன் ஊட்டின அதிரசம், பணியாரம், வெல்லக்கட்டி எல்லாத்தையும் இனிமே அவனே தின்னணும், கொப்புளிக்கக் கூடாது, பொழுதுக்கும் வாயைப் பொத்திக்கிட்டே நிக்கணும்னு உத்தரவு போட்டாரு. ஒரு வருஷத்துல மந்திரிக்குப் பல்லு ஒண்ணொண்ணா ஆடி விழுந்துது, அவன் நாத்தம் அவன் மூக்குலயே கெடந்துது. ராசா களி தின்னாரு, கீரை தின்னாரு, குச்சி மென்னாரு, நாத்தம் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைஞ்சுது.

அப்புறம் ஒருநாள் சடைச்சியைக் கூப்பிட்டு, என்ன வேணுமோ கேளுன்னாரு.

"எம் புருஷன் பல்லு வேணும்"னா.

ராசா கஜானாவைத் தொறந்து பாத்தாராம். முத்து கொட்டிக் கெடந்துச்சாம், பவளம் கொட்டிக் கெடந்துச்சாம். பல்லு ஒண்ணுகூட இல்லையாம். அவ படிக்கத்தைக் கீழ வச்சுட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்துட்டா.

கதையும் அவ பின்னாலயே போயிருச்சு. தான் நாறுறதைத் தானே மோந்து பாக்காதவன் அடுத்தவன் பல்லைத்தான் புடுங்குவான். எந்திரிங்க, வாயைக் கொப்புளிச்சுட்டு வந்து படுங்க.